பருப்பும் டப்பாக் காய்கறியும்



திருவனந்தபுரத்திலிருந்து கொல்லம் செல்லும் நெடுஞ்சாலையில், நகருக்கு வடக்கே கழக்கூட்டம் என்னும் ஊர் இருக்கிறது. 1962-ல் அங்கே சைனிக் பள்ளி ஏற்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டு நவம்பரில், அருகிலுள்ள தும்பாக் கடற்கரையிலிருந்து முதல் ராக்கெட் வானில் ஏவப்பட்டது. 1990-ல் டெக்னோபார்க் தொடங்கப்பெற்றது. இவ்வாறு வந்த பணிகளை நாடி நெல்லை, குமரி, மதுரை, கோவை முதலிய பகுதிகளிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் பல அவ்வூரில் வந்து குடியேறியிருக்கின்றன. கணவனும் மனைவியும் இருவருமே வேலைக்குச் செல்லும் வீடுகள் அவற்றில் பல. அத்தகைய வீட்டில் சமையலறைக்கு ஒதுக்க முடிந்த நேரம் காலையில் சிறிது, இரவில் சிறிது. இந்த நிலை கழக்கூட்டத்துக்கு மட்டும் உரியது அன்று. டில்லியிலும் மும்பையிலும் கல்கத்தாவிலும் வாழும் தமிழன்பர்கள் அனைவரும் அறிந்ததே.

அங்கே நானறிந்த ஒரு குடும்பம் உண்டு. திருநெல்வேலிப் பக்கத்தவர்கள். கணவன், மனைவி, பத்து வயதுப் பெண் குழந்தை, இரத்த அழுத்தம் உடைய வயது முதிர்ந்த மாமனார் என நால்வர். குழந்தைக்கு இரத்தச் சோகை இருப்பதாக மருத்துவர் கூறியதும், அந்த அம்மையார் உணவுச் சத்துப் பட்டியல் ஒன்றைத் தேடிப் படித்தார். நூறு கிராம் முந்திரிப்பருப்பில் இரும்புச் சத்து ஆறு மில்லிகிராமுக்கு மேல். நூறு கிராம் டப்பாப் பட்டாணியில் ஒன்றே கால் மில்லிகிராம். அவ்வளவுதான்! அன்று முதல் குழந்தையின் மதிய உணவில் காய்கறி நின்றது; ஒரு கிண்ணம் முந்திரியும் வாதுமையும் அதன் இடத்தைப் பிடித்தன. வீட்டுக்குக் காய்கறி வேண்டுமே என்று டப்பாக் காளானும் டப்பாப் பட்டாணியும் இரவு உணவில் இடம்பெற்றன. சில மாதங்கள் சென்றன. குழந்தைக்கு எடை கூடிற்று, இரத்தம் கூடவில்லை, மலச்சிக்கல் புதிதாக வந்தது. பெரியவருக்கோ மருந்து உண்டும் இரத்த அழுத்தம் ஏறிற்று. "அண்ணாச்சி, பட்டியலில் கண்டபடிதானே செய்தேன்? என்மேல் என்ன தவறு?" என்று அந்த அம்மையார் என்னிடம் கேட்டார்.

அவர்மேல் தவறு இல்லை. பட்டியலிலும் பொய் இல்லை. ஆயினும் பட்டியலைப் படிக்கும் முறையில் ஒரு சிக்கல் இருக்கிறது. அதனை விளக்குவதே இன்றைய என் பேச்சின் நோக்கம்.

மத்திய அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்புத் தொழில் செய்யும் எனக்கு, 'நட்ஸ்' என்னும் ஆங்கிலச் சொல் எதிர்ப்படும்போதெல்லாம் சற்றுத் தயக்கம் உண்டாகும். அதற்கு நேராகத் தமிழில் ஒரே சொல் கிடையாது. 'கொட்டை' என்று எழுதினால் புளியங்கொட்டையும் மாங்கொட்டையும் நினைவுக்கு வரும். பேச்சு வழக்கில் நம்மவர் என்ன சொல்கிறார்கள்? முந்திரிப்பருப்பு, வாதுமைப்பருப்பு, பிஸ்தாப்பருப்பு என்கிறார்கள். நிலக்கடலையைக் கடலைப் பருப்பின் உறவாகப் பெயரிட்டார்கள். துவரம்பருப்புக்கும் உளுத்தம்பருப்புக்கும் வழங்கும் அதே சொல்லை முந்திரிக்கும் வழங்கியது நம் மொழி. தாவர நூலார் நிலக்கடலையை மட்டுமே அவரை, துவரைக் குடும்பத்தில் சேர்ப்பர்; முந்திரி மாமரத்தின் குடும்பம்; வாதுமை ரோஜாவின் குடும்பம். ஆனால் உண்பவன் கணக்கில் தமிழ் செய்த பாகுபாடு பொருத்தமானதே. இவையெல்லாம் பருப்பின் பந்தியில் அமர வேண்டியவை. காய்கறியின் பந்தியில் அல்ல.

மலையாள நாட்டார் இட்ட பெயர்களும் சுவையானவை. நிலக்கடலையைக் 'கப்பலண்டி' என்கிறார்கள். முந்திரியைப் 'பறங்கியண்டி' என்றும் வழங்குகிறார்கள். இரண்டும் தென்னமெரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்தவை என்பதை அப்பெயர்கள் மறவாமல் காட்டுகின்றன. முந்திரியைப் பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் பிரேசில் நாட்டிலிருந்து கொணர்ந்தனர். பின்னர் கொல்லம் நகரம் முந்திரித் தொழிலின் தலைமையிடமாயிற்று. ஓட்டிலுள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்கும் தன்மையது. கொட்டையைச் சூடேற்றி, உடைத்து, உள்தோல் உரித்து, தரம் பிரிக்கும் வேலையைப் பெரும்பாலும் பெண்களின் கைகளே செய்துவருகின்றன. அந்தக் கொல்லம் கழக்கூட்டத்துக்கு வடக்கே, பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்குள் சென்றுவிடக்கூடிய தொலைவில்தான் இருக்கிறது. கழக்கூட்டத்துக் கடைகளில் முந்திரி நிறைந்திருப்பதில் வியப்பில்லை.

இனி இவற்றின் சத்துகளைப் பார்ப்போம். நூறு கிராம் முந்திரிப்பருப்பில் ஏறத்தாழ 550 கலோரி வெப்பசக்தியும், 18 கிராம் புரதமும், 44 கிராம் கொழுப்பும் உண்டு. நிலக்கடலையில் புரதம் இன்னும் அதிகம். 24, 25 கிராம் வரை இருக்கும். வாதுமையில் புரதம் 21 கிராம். அதனுடன் சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் 'ஈ'யும் மிகுதி. துவரம்பருப்பிலும் ஏறக்குறைய இதே அளவு புரதம் உண்டு; ஆனால் அதில் கொழுப்பு மிகக் குறைவு. ஆகவே முந்திரியும் கடலையும் 'பருப்பும் எண்ணெயும் ஒன்றாய்ச் சேர்ந்த பண்டம்' என்று கொள்வது தகும். அந்த எண்ணெயும் பெரும்பாலும் இதயத்துக்கு இசைவான வகையே. தேங்காய் மட்டும் இக்கூட்டத்தில் சேராது. அதில் புரதம் மூன்று கிராம்தான். கொழுப்போ பெரும்பகுதி உறைகொழுப்பு.

இவற்றில் இல்லாதது என்ன? வைட்டமின் 'சி' முந்திரியில் அரை மில்லிகிராம். இல்லை என்றே சொல்லலாம். கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் 'ஏ'யைத் தரும் கரோட்டீனும் இல்லை. நீர்ச்சத்தும் மிகக் குறைவு. இங்கேதான் அந்தக் குழந்தையின் இரத்தச் சோகைக்கு விடை இருக்கிறது. பருப்புகளிலுள்ள இரும்பு எளிதில் உடலில் சேர்வதன்று. அவற்றிலேயே உள்ள ஃபைட்டேட் என்னும் பொருள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தப் பிடியைத் தளர்த்துவது வைட்டமின் 'சி'. அதைத் தரவல்லவை நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா, பசுங்கீரை, காய்கறி. காய்கறியை நிறுத்திவிட்டு முந்திரியைக் கொடுத்தது, பூட்டைக் கொடுத்துச் சாவியைப் பிடுங்கிக்கொண்டது போலாயிற்று.

அடுத்து, டப்பாக் காய்கறி. இதன் வரலாறு போர்க்களத்தோடு தொடர்புடையது. நெடுந்தூரம் செல்லும் படைக்கு உணவு கெடாமல் இருக்க வழி வேண்டும் என்று பிரெஞ்சு அரசு விரும்பிற்று. நிக்கோலா அப்பேர் என்னும் பிரெஞ்சுக்காரர் கண்ணாடிப் புட்டிகளில் உணவை அடைத்துக் கொதிநீரில் காய்ச்சிக் காக்கும் முறையைக் கண்டு, 1810-ல் 12,000 பிராங்க் பரிசு பெற்றார். அதே ஆண்டு இங்கிலாந்தில் தகரக் குவளைக்கு உரிமை பதிவாயிற்று. உணவு ஏன் கெடவில்லை என்பது அப்பேருக்கே தெரியாது. கண்ணுக்குப் புலப்படாத கிருமிகளே காரணம் என்று பிற்காலத்தில் பாஸ்டர் விளக்கிய பின்னரே உலகம் அறிந்தது. நம் நாட்டில் மைசூரில் 1950-ல் நிறுவப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் உணவைக் கெடாமல் காக்கும் கலையில் அரும்பணி ஆற்றிவருகிறது.

டப்பாவில் அடைத்த காய்கறி சத்தே இல்லாத சக்கை என்று சிலர் எண்ணுகிறார்கள். அது முழு உண்மை அன்று. நார்ச்சத்து போவதில்லை. கரோட்டீன் பெரும்பாலும் நிற்கிறது. தக்காளியின் சிவப்புக்குக் காரணமான லைக்கோப்பீன், சூடேறிய பின் உடலில் இன்னும் நன்றாகச் சேர்கிறது. போவது யாது? சூட்டுக்கும் நீருக்கும் தாங்காத வைட்டமின் 'சி'யும், பி வகையிற் சிலவும். பச்சைப் பட்டாணி நூறு கிராமில் வைட்டமின் 'சி' 40 மில்லிகிராம். டப்பாப் பட்டாணியில் சுமார் 10. இதைக் கேட்டு நாம் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டா. பச்சைப் பட்டாணியை நிறைய நீரில் வேகவைத்து அந்நீரை வடித்துக் கொட்டினால், மிஞ்சுவது 14 மில்லிகிராம்தான். இன்னொன்றும் கவனிக்கவேண்டும். சில டப்பாக்களில் இருப்பது பசும்பட்டாணியே அன்று. உலர்ந்த பட்டாணியை ஊறவைத்து அடைத்தது. மேலே ஒட்டியுள்ள சீட்டைப் படித்தால் இது விளங்கும்.

இப்போது பட்டியலின் சிக்கலுக்கு வருவோம். பட்டியல் எல்லாப் பண்டத்தையும் நூறு கிராம் என்ற ஒரே தராசில் நிறுத்துக் காட்டுகிறது. நம் வயிறு அப்படி நிறுப்பதில்லை. நூறு கிராம் முந்திரி என்பது, கடையில் பெரிதும் விற்கும் தரத்தில் எழுபது பருப்புக்கு மேல். அதை ஒரே வேளையில் உண்பவர் அரியர், உண்ணவும் கூடாது. ஒரு கைப்பிடி என்பது முப்பது கிராம், அதாவது இருபது பருப்புக்குச் சற்றுக் கூடுதல். அதில் 165 கலோரியும், ஐந்தரை கிராம் புரதமும், 13 கிராம் கொழுப்பும் உண்டு. அக்கொழுப்பு ஒரு மேஜைக்கரண்டி எண்ணெய்க்குச் சமம். டப்பாப் பட்டாணியையோ ஒரு கிண்ணம், ஏறத்தாழ 150 கிராம் உண்போம். அதில் சுமார் 100 கலோரியும், ஆறரை கிராமுக்கு மேல் புரதமும் இருக்கும். பார்த்தீர்களா? நூறு கிராம் கணக்கில் நான்கு மடங்கு தாழ்ந்து நின்ற பட்டாணி, உண்ணும் அளவில் முந்திரியைச் சற்று முந்திவிட்டது. தராசு மாறினால் தீர்ப்பும் மாறுகிறது.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இதனைத் தெளிவாக்கியிருக்கிறது. அந்நிறுவனம் 1918-ல் நம் நீலகிரிக் குன்னூரில் ஒரு சிறு ஆராய்ச்சிக்கூடமாகத் தோன்றி வளர்ந்ததென்பது தமிழர் நினைவிற் கொள்ளத்தக்கது. அது 2024-ல் வெளியிட்ட உணவு நெறிமுறையின்படி, நாளொன்றுக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்குக் கொட்டைப் பருப்புகளும் வித்துகளும் 35 கிராம் போதும். காய்கறியும் கீரையும் சேர்ந்து 400 கிராம் வேண்டும். முப்பத்தைந்து எங்கே, நானூறு எங்கே! இவை ஒன்றுக்கொன்று போட்டியிடுபவை அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை வாங்கும் பண்டமாற்று இங்கே செல்லாது.

பெரியவரின் இரத்த அழுத்தம் ஏறியது எதனால்? மருத்துவர் கேட்ட முதற் கேள்வியே, "உணவில் உப்பு எவ்வளவு?" என்பது. "குழம்பில் பாதியாகக் குறைத்துவிட்டோம்" என்று வீட்டார் சொன்னார்கள். உண்மைதான்; ஆனால் குறைத்த உப்பு டப்பாவின் வழியாகத் திரும்பி வந்துவிட்டது. பச்சைப் பட்டாணியில் சோடியம் நூறு கிராமுக்கு ஐந்து மில்லிகிராம். உப்புநீரில் அடைத்த டப்பாப் பட்டாணியில் 270-க்கு மேல். டப்பாக் காளானில் 400-ஐயும் கடக்கும். ஒரு கிண்ணம் டப்பாப் பட்டாணி உண்டால் ஒரு கிராம் உப்பு உள்ளே போகிறது. நாள் முழுவதும் ஐந்து கிராம் உப்புக்கு மேற்படக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்பது நம் பழமொழி. ஆனால் நாம் இடாத உப்பையும் கணக்கில் சேர்க்கவேண்டிய காலம் இது. கடையில் விற்கும் உப்பிட்டு வறுத்த முந்திரிக்கும், ஊரிலிருந்து அன்போடு அனுப்பிவைக்கும் மோர்மிளகாய்க்கும் சுண்டை வற்றலுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

அப்படியானால் டப்பாவுக்குப் போட்டி யார்? முந்திரி அன்று; பசிய காய்கறியே. கழக்கூட்டத்தில் வாழும் தமிழருக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. திருவனந்தபுரத்துச் சந்தைகளில் விற்கும் காய்கறியிற் பெரும்பகுதி ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் செங்கோட்டை வழியாகவும் லாரிகளில் வரும் தமிழ்நாட்டுக் காய்கறி. பாவூர்ச்சத்திரத்திலும் வள்ளியூர்ப் பக்கத்திலும் விளைந்த கத்தரியும் வெண்டையும் முருங்கையும் நம்மைத் தேடி வந்து வாசலில் நிற்க, நாம் தகர டப்பாவைத் திறப்பானேன்? வடக்கே வாழ்பவர்களுக்குச் சாம்பார்க் காய்கள் கிடைப்பது அருமைதான். ஆனால் டில்லியில் குளிர்காலத்துப் பசும்பட்டாணியும் காரட்டும் மேத்திக் கீரையும் மலிவாகக் குவியும். எந்த ஊரில் வாழ்கிறோமோ அந்த ஊரின் பருவக் காயை நம் கூட்டுக்கும் பொரியலுக்கும் பழக்கிக்கொள்வது நல்லது. நேரமில்லாதவர் ஞாயிற்றுக்கிழமை நறுக்கிக் குளிர்ப்பெட்டியில் வைக்கலாம். உறையவைத்து விற்கும் பட்டாணியிலும் உப்பு அநேகமாகச் சேர்ப்பதில்லை. வைட்டமின் 'சி'யும் டப்பாவைவிட மிகுதி.

டப்பாவை அறவே விலக்கச் சொல்லவில்லை. பனி மூடிய எல்லைப்புறத்தில் பணிபுரிவோர்க்கும், வெள்ளமோ புயலோ வழியடைத்த நாட்களிலும் அது உற்ற துணை. அதை வாங்கும்போது சில எச்சரிக்கைகள் வேண்டும். மொத்த எடையைப் பார்த்து ஏமாற வேண்டா; நீரை வடித்த பின் நிற்கும் எடையே காயின் எடை. அது சில டப்பாக்களில் பாதிக்குச் சற்று மேலாகவே இருக்கும். நீரைக் கொட்டி, காயை நல்ல நீரில் அலசினால் சோடியம் ஓரளவு குறையும். உப்பிய டப்பா, கசிந்த டப்பா, திறந்தவுடன் பீறிடும் டப்பா ஆகியவற்றைச் சுவைத்தும் பார்க்கக் கூடாது, எறிந்துவிடவேண்டும். பாட்டுலினம் என்னும் கொடிய நஞ்சு அதில் இருக்கக்கூடும். அக்கிருமியின் வித்துகள் கொதிநீருக்கும் சாகாதவை. ஆகையால் புளிப்பில்லாத காய்கறிகளை வீட்டிலே புட்டியில் அடைத்துவைக்க முயலவேண்டா. திறந்த டப்பாவில் மிஞ்சியதை வேறு பாத்திரத்துக்கு மாற்றிக் குளிர்ப்பெட்டியில் வைக்கவேண்டும்.

பருப்புகளுக்கும் எச்சரிக்கை உண்டு. கழக்கூட்டம் போன்ற கடலோர ஊர்களில் காற்றில் ஈரம் மிகுதி. காற்றுப் புகாத கலத்தில் வைக்காவிடில் கடலையும் முந்திரியும் காறல் வாடை கொள்ளும், பூசணம் பிடிக்கும். பூசணம் பிடித்த நிலக்கடலையில் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகலாம். அது கல்லீரலைத் தாக்குவது. வறுத்தாலும் முற்றும் நீங்காது. கசந்த கடலையை விழுங்காமல் துப்பிவிடுவதே அறிவுடைமை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முழுப் பருப்பைக் கொடுத்தால் மூச்சுக் குழலில் சிக்கும் அபாயம் உண்டு; அரைத்துக் கொடுக்கலாம். சிலருக்கு இவை ஒவ்வாமையையும் உண்டாக்கும். சிறுநீரக நோயுடையோர் மருத்துவரைக் கேட்டே உண்ணவேண்டும்.

செலவைப் பற்றியும் ஒரு சொல். முழு முந்திரிக்கும் உடைந்த முந்திரிக்கும் விலையிலேதான் வேறுபாடு, சத்திலே இல்லை. பாயசத்தில் மிதக்கும்போது அழகாகத் தோன்றுவதற்காகவே முழுப்பருப்புக்கு அதிக விலை தருகிறோம். அதனினும் மலிவான நிலக்கடலை புரதத்தில் முந்திரியை வெல்லும். அவித்த கடலையில் சிறிது வெங்காயமும் காரட் துருவலும் சேர்த்து, எலுமிச்சை பிழிந்து கொடுத்தால், பூட்டும் சாவியும் ஒரே கிண்ணத்தில் சேர்ந்துவிடும்.

அந்த நெல்லைக் குடும்பம் இதைத்தான் செய்தது. மருத்துவர் எழுதிக்கொடுத்த இரும்பு மாத்திரையைக் குழந்தை தவறாமல் உண்டது. அதை உணவு கொண்டு ஈடுசெய்ய முற்படவில்லை. மாலையில் ஒரு கைப்பிடி கடலை, மதியத்தில் முருங்கைக்கீரையோ வேறு பொரியலோ, உடன் ஒரு நெல்லிக்காய். டப்பாக்கள் அலமாரியில் அவசரத்துக்கென இரண்டே நின்றன. பெரியவர் தாமே மாலையில் நடந்து சென்று காய்கறி வாங்கிவரும் பொறுப்பை ஏற்றார். அடுத்த பரிசோதனையில் குழந்தையின் இரத்த அளவு உயர்ந்திருந்தது. பெரியவரின் அழுத்தமும் தணிந்திருந்தது. மாத்திரைக்கு எவ்வளவு பங்கு, கீரைக்கு எவ்வளவு பங்கு, நடைக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல நான் மருத்துவன் அல்லேன். ஆனால் அந்த அம்மையார் சொன்ன ஒரு வார்த்தை என் நெஞ்சில் நிற்கிறது. "அண்ணாச்சி, எதில் சத்து அதிகம் என்றே கேட்டுக்கொண்டிருந்தேன். எது எந்த இடத்துக்கு உரியது என்று கேட்கவில்லை" என்றார்.

வாழையிலையில் எதை எங்கே பரிமாறவேண்டும் என்று நம் முன்னோர் வகுத்து வைத்திருக்கிறார்கள். காய்கறிக்கு ஓரிடம், பருப்புக்கு ஓரிடம், உப்புக்கு இலையின் ஓரத்தில் ஒரு சிறு இடம். இலை கிடைக்காத ஊர்களில் வாழ்கிறோம், தட்டிலே உண்கிறோம். தட்டிலும் அந்த இடங்கள் மாறாமல் இருக்கட்டும்.